குடவோலையும் கோயில் மண்டபமும்

திருக்குட நன்னீராட்டுப் பெருவிழாக் காணும் இந்நன்னாளில், குடம் என்னும் சொல்லைப் பற்றியே சில எண்ணங்களை மெய்யன்பர்கள் முன் வைக்க விழைகின்றேன். வேள்விச் சாலையில் நூல் சுற்றி, மாவிலையும் தேங்காயும் வைத்து, மந்திரங்களால் இறையாற்றலை எழுந்தருளச் செய்யும் குடம் ஒன்று. அதனை நாம் அனைவரும் அறிவோம். நம் முன்னோர் கோயில் மண்டபத்திலே வைத்து வணங்கத்தக்க மதிப்போடு கையாண்ட மற்றொரு குடமும் உண்டு. ஊராள்வோரைத் தேர்ந்தெடுக்க ஓலை இட்ட குடம் அது. அக்குடத்தினைப் பலர் மேடைகளிலே புகழ்ந்து பேசுகின்றனர். ஆயினும் அதனை எவ்வாறு எடுத்தனர், எவர் காண எடுத்தனர், எவர் கையில் கொடுத்தனர் என்பவற்றை அறிந்து புகழ்வோர் சிலரே. அவ்விவரங்களிலேதான் பெருமை முழுவதும் அடங்கியுள்ளது.

குடத்தில் ஓலையிடும் வழக்கம் சோழர் காலத்தில் புதிதாகத் தோன்றியதன்று. அகநானூற்றின் 77ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் ஓர் உவமை கூறுகின்றார். பாலை நிலத்திலே வீழ்ந்து கிடக்கும் வீரரின் குடரைப் பருந்து பறித்து இழுக்கும் காட்சிக்கு, கயிற்றால் கட்டி முத்திரையிட்ட குடத்திலிருந்து ஆவண மாக்கள் ஓலைகளை எடுப்பதை அவர் ஒப்பாக்குகின்றார். உவமை சற்றே கொடிதுதான். எனினும் நமக்கு வேண்டிய செய்தி அதனுள் இருக்கின்றது. அவ்வாவண மாக்கள் முதலில் குடத்தின் மேலிட்ட பொறியைப் பார்க்கின்றனர். பின்னரே அதனை அழிக்கின்றனர். அதன் பின்னரே ஓலையை எடுக்கின்றனர். இக்காலத்தில் வாக்குப் பெட்டி வைத்த அறையின் முத்திரை குலையாமல் இருக்கின்றதா என்று வேட்பாளரின் முகவர் பார்த்த பின்னரே அறை திறக்கப்படுகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்துள்ளன. முத்திரையைப் பார்த்தல் என்னும் செயல் மட்டும் மாறவில்லை.

இனி உத்தரமேரூருக்கு வருவோம். காஞ்சிபுரத்திற்குத் தெற்கே உள்ள அவ்வூர், சோழர் காலத்தில் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என வழங்கிற்று. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவரில் முதற் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 919) ஒன்றும், 14ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 921) ஒன்றுமாக இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. சைவனாகிய யான் பெருமாள் கோயிற் கல்வெட்டைப் பேசுவது குறித்து அன்பர் எவரும் புருவம் நெரிக்க வேண்டுவதில்லை. உண்மை எச்சுவரில் எழுதப்பட்டிருப்பினும் உண்மையே. வெங்கையா அவர்கள் இவற்றை ஆராய்ந்து ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். பேராசிரியர் நீலகண்ட சாத்திரியார் விரிவாக விளக்கி எழுதினார்கள். அவர்கள் உழைத்திலரேல் நமக்கு இவை வெறுங்கோடுகளாகவே நின்றிருக்கும். இவ்விடத்தில் ஒன்று சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. திருப்பணி என்னும் பெயரால் கற்சுவர்களின் மேல் மணலை வீசிப் பீய்ச்சி அழுக்கு நீக்கியதில் எழுத்து மழுங்கிப்போன கோயில்கள் பல உள்ளன. பொருள் வழங்கும் பெருமக்கள், சுவரைத் தொடுமுன் கல்வெட்டுகளை மைப்படி எடுத்தாயிற்றா என்று ஒரு சொல் வினவுதல் பெரும் புண்ணியமாகும்.

அந்தச் சதுர்வேதிமங்கலம் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வட்டத்தைப் போன்ற ஒரு பிரிவு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதினர். அவ்வோலைகளைக் குடும்புவாரியாகக் கட்டி, இன்ன குடும்பு என்பதை அறிவிக்கும் வாயோலையும் சேர்த்து, முப்பது கட்டுகளையும் ஒரு குடத்தில் இட்டனர். ஓலை எடுக்கும் நாளில் இளையோரும் முதியோரும் உட்பட மகாசபை முழுமையாகக் கூட வேண்டும். அன்று ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் ஒருவரும் தவறாமல் சபை கூடும் மண்டபத்தின் உள்ளே அமர்ந்திருக்க வேண்டும். அந்நம்பிமாருள் மூத்தவர் ஒருவர் எழுந்து நின்று, எல்லாரும் காணுமாறு அக்குடத்தை மேல்நோக்கித் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

அதன்பின் நிகழ்வதை நிதானமாகக் காண்போம். உள்ளே இருப்பது யாதென அறியாத சிறுவன் ஒருவனை அருகில் நிறுத்தி, ஒரு கட்டை எடுக்கச் செய்கின்றனர். அக்கட்டை அவிழ்த்து, வேறொரு வெறுங்குடத்தில் இட்டுக் குலுக்குகின்றனர். அதிலிருந்து அச்சிறுவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்கின்றான். மத்தியஸ்தன் அதனை வாங்கும்போது ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்று கல்வெட்டு விதிக்கின்றது. விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடுதற்கு இடமில்லாமற் செய்த விதி இது. அவ்வாறு ஏற்ற ஓலையை அவன் உரக்க வாசிக்கின்றான். அவன் வாசித்தது போதாது. மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். எல்லார் வாயாலும் ஒரே பெயர் வந்த பின்னரே அது எழுதப்படுகின்றது. முப்பது குடும்புக்கும் முப்பது முறை இவ்வாறே நிகழும்.

அம்முப்பதின்மருள், தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் முன்னரே செய்தவராய்க் கல்வியிலும் வயதிலும் மூத்தவர் பன்னிருவர் சம்வத்சர வாரியம் ஆவர். எஞ்சியோருள் பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் உரியர். பதவிக்காலம் 360 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. இடையிற் குற்றம் கண்டால் உடனே நீக்கம்.

இம்முறையை இக்கால வாக்கெடுப்போடு ஒன்றெனக் கூறுவார் கூற்று எனக்கு உடன்பாடன்று. உத்தரமேரூரில் எவரும் எவருக்கும் வாக்களித்தாரல்லர். பெரும்பான்மை என்னும் கணக்கும் அங்கில்லை. தகுதி பெற்றோருள் எவர் என்பதைத் திருவுளச் சீட்டே முடிவு செய்தது. பெண்டிரும், நிலமில்லா உழவரும், கைவினைஞரும் அக்குடத்தின் அருகிலும் வந்திலர். குறைந்தது கால் வேலி இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய அந்தணர் ஆடவரின் சபை அது. இவற்றை மறைத்துப் புகழ்தல் நம் முன்னோர்க்கு மேலும் பெருமை சேர்ப்பதாகாது. அவர்தம் பெருமை வேறிடத்தில் உள்ளது. பெயர் வரப்பெறாதவனும் மண்டபத்தில் அமர்ந்து, தன் கண்ணாற் கண்டு, தன் செவியாற் கேட்டு, இதில் வஞ்சம் இல்லை என்று வீடு திரும்புமாறு அவர்கள் முறை வகுத்தனர். வென்றவனுக்குச் சான்று தேவையில்லை. அவன் எதனையும் நம்புவான். ஓலை எடுக்கும் முறை முழுவதும் பெயர் வராதவன் பொருட்டே அமைந்தது.

தகுதியின்மை பற்றிய விதிகளுள் கணக்குப் பற்றியது மிகக் கடுமையானது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவன் மட்டுமன்று, அவன் தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், மருமகன், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், அம்மான் மக்கள் எனப் பெரியதொரு சுற்றமே விலக்கப்பட்டது. பொய்யோலை எழுதியவனுக்கும் இடமில்லை. ஊர்க்கணக்கு எழுதுவோன் தான் எழுதிய கணக்கைத் தானே காட்டித் தூயன் எனத் தேறிய பின்னரே மீண்டும் அப்பணிக்கு வரலாம். அவன் கணக்கை வேறொருவன் முடித்துக் கொடுத்தலும் கூடாது. ஒருவன் செய்த பிழைக்குச் சுற்றத்தாரை விலக்குதல் நீதியோ என வினவுவார் உளர். யானும் அதனை இக்காலத்திற்கு ஏற்றதெனக் கொள்ளேன். ஆயினும், பினாமி என்னும் சொல் தோன்றுமுன்பே அச்செயலை அறிந்து அடைத்தவர் அவர் என்பதில் ஐயமில்லை.

மற்றொன்றும் கருதத்தக்கது. 919இல் எழுதிய விதிகளை 921இல் திருத்தி எழுதினர். முப்பது முதல் அறுபது வரை என இருந்த வயது வரம்பு, முப்பத்தைந்து முதல் எழுபது வரை என மாறிற்று. அரசன் ஆணையுடன் வந்த அதிகாரி உடனிருக்க, சபையே கூடி இம்முடிவைச் செய்து கல்லில் வெட்டுவித்தது. கல்லில் வெட்டியதையும் இரண்டே ஆண்டில் திருத்தத் துணிந்தனர் என்றால், நடைமுறையிற் கண்ட குறையை மூடி வைக்கும் இயல்பு அவரிடம் இல்லை என்பது விளங்கும்.

இன்றைய முறையில் எண்ணும் மேசைதோறும் வேட்பாளரின் முகவர் அமர்ந்திருக்கின்றார். 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளின்படி, மொத்த எண்ணிக்கை அறிவிக்கப்பட்டதும் வேட்பாளர் மறு எண்ணிக்கை வேண்டி எழுத்து மூலம் கேட்கலாம். தேர்தல் அலுவலர் அதனை ஏற்பினும் மறுப்பினும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். முடிவுத் தாளில் அவர் கையொப்பம் இட்டபின் அங்கே கேட்க வழியில்லை. இப்பொறி வாக்குக் காலத்தில், அச்சிட்ட சீட்டுகளையும் எண்ணி ஒப்பிடல் வேண்டும் என்ற வழக்கில், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் ஐந்து பொறிகளின் சீட்டுகளை எண்ணுமாறு 2019இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மத்தியஸ்தன் வாசித்ததை நம்பிமாரும் வாசித்தது போன்றதே இது.

முறையீட்டின் வழியும் சட்டத்தில் உண்டு. 1951இன் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் முடிவு அறிவித்த 45 நாளுக்குள் தேர்தல் மனுத் தர இடமளிக்கின்றது. முதலில் தனித் தீர்ப்பாயங்கள் அவற்றை விசாரித்தன. 1966இன் திருத்தத்தால் அப்பொறுப்பு உயர் நீதிமன்றங்களுக்கு வந்தது. இம்முறைக்கு அடிப்படையான தீர்ப்பு நம் நாட்டு நாமக்கல் தொகுதியிலிருந்து எழுந்தது என்பதைப் பலர் அறியார். முதற் பொதுத் தேர்தலில் வேட்பு மனு தள்ளப்பட்ட பொன்னுசாமி என்பார் நீதிமன்றம் சென்றார். தேர்தல் நடந்துகொண்டிருக்கையில் நீதிமன்றம் குறுக்கிடலாகாது. முடிந்தபின் மனு மூலமே கேட்டல் வேண்டும் என்று 1952 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் நியாயம் விளங்குகின்றது. ஆனால் பின்னர்க் கேட்கலாம் எனத் தடுக்கப்பட்டவனுக்குப் பின்னராவது காலத்தே விடை கிடைக்க வேண்டுமன்றோ? ஆறு திங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் கூறினும், ஆண்டுக்கணக்கில் நீண்டு, பதவிக்காலமே கழிந்தபின் முடிந்த வழக்குகள் உண்டு. இஃது என் மனத்தை உறுத்துகின்றது.

முறையீட்டை எவ்வாறு கேட்டல் வேண்டும் என்பதற்குச் சைவராகிய நமக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையினும் மேலான காட்டு இல்லை. சேக்கிழார் பெருமான் சோழர் அமைச்சராய் இருந்தவர். சபைகளின் நடைமுறையை நேரிற் கண்டவர். தடுத்தாட்கொண்ட புராணத்தில் அவர் காட்டும் வழக்கு முறையை அன்பர்கள் பக்திச் சுவைக்காகப் படித்திருப்பீர்கள். இம்முறை நீதி நூலாகப் படித்துப் பாருங்கள்.

முதிய வேதியர் வந்து, நாவலூரன் தனக்கு வழிவழி அடிமை என்கின்றார். காட்டிய ஓலையை நம்பி ஆரூரர் பறித்துக் கிழித்துவிட்டார். அந்தணர் மற்றோர் அந்தணர்க்கு அடிமையாதல் அச்சபையார் கேட்டறியாதது. எனினும் இது முறையற்றது என்று கூறி முதியவரை அவர்கள் துரத்திவிடவில்லை. ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி என்னும் மூன்றனுள் ஒன்றைக் காட்டுக என்கின்றனர். கேட்கப்பட்டவர் யார் என்பதை நாம் அறிவோம், சபையார் அறியார். உலகெலாம் உடையவனே வழக்காளியாய் வந்து நின்றபோதும் அவனிடம் சான்று கேட்கப்பட்டது.

கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் உள்ளது என்கின்றார் முதியவர். அதனையும் இவன் பறித்துக் கிழித்தால் என் செய்வது என்ற அவரது அச்சத்திற்குச் சபை முதலில் காவல் தருகின்றது. அதன்பின்பே ஓலை வெளிவருகின்றது. கரணத்தான் அதனை வாங்கிச் சுருள் நீக்கிப் பழமை நோக்கிச் சபையார் கேட்க வாசிக்கின்றான். சாட்சிக் கையொப்பமிட்டோரின் எழுத்து ஆராயப்படுகின்றது. அத்துடன் முடிக்கவில்லை. ஆரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிடத்திலிருந்து வருவித்து, இரண்டு கையெழுத்தையும் ஒப்புநோக்குகின்றனர். இரண்டும் ஒத்திருக்கக் கண்டபின்பே, நம்பியாரூரர் தோற்றார் என்று தீர்ப்புக் கூறுகின்றனர். மணக்கோலத்தில் நின்ற அவ்விளைஞர்க்கு அது எத்தகைய இழப்பு! ஆயினும் ஒவ்வொரு படியும் தம் கண்முன்னே நிகழ்ந்தமையால், அவர் மறுத்துரைக்கவில்லை, இசைகின்றார்.

வென்ற முதியவரையும் சபையார் அப்படியே விட்டுவிடவில்லை. இவ்வூரினர் என்கின்றீரே, உம் வீடும் வாழ்வும் எங்கே, காட்டுக என்று வினவுகின்றனர். அவ்வினாவிற்கு விடை கூறுவாராய் முன்னே நடந்த அவ்வேதியர், அனைவரும் பின்தொடரத் திருவருட்டுறைத் திருக்கோயிலுள் புகுந்து மறைந்தருளினார்.