பப்ஜி மொபைல் முதல் பிஜிஎம்ஐ வரை: லூட்டும் பரிசுகளும்

பப்ஜி மொபைல் என்பது 2018 மார்ச்சில் உலக அளவில் வெளியான கைபேசிச் சுடுதல் விளையாட்டு ஆகும். இந்தியாவில் அது தடை செய்யப்பட்ட பிறகு, அதற்கு மாற்றாக பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா 2021 சூலை 2 அன்று வெளியானது. இது சுருக்கமாக பிஜிஎம்ஐ எனப்படுகிறது. அதே ஆண்டு நவம்பரில் பப்ஜியின் அடுத்த பாகமான நியூ ஸ்டேட்டும் வந்தது. இம்மாற்றங்களின்போது விளையாடுவோரின் லூட்டும் பரிசுகளும் என்னவாயின என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இருவகைப் பொருள்கள்

பப்ஜி மொபைலில் 100 பேர் வரை விமானத்திலிருந்து வெறுங்கையுடன் ஒரு தீவில் குதிப்பர். துப்பாக்கி, தோட்டா, தலைக்கவசம், மருந்து எல்லாவற்றையும் களத்தில்தான் தேடி எடுக்க வேண்டும். இதுவே லூட். ஏடபிள்யூஎம் போன்ற வலிமையான துப்பாக்கி வானிலிருந்து விழும் பெட்டியில் கிடைக்கும். ஆட்டம் முடிந்தால் இவை அனைத்தும் மறைந்துவிடும். அடுத்த ஆட்டத்தில் எல்லோரும் மீண்டும் வெறுங்கையர்.

ஆட்டத்துக்கு வெளியே கிடைப்பவை பரிசுகள்: உடை, துப்பாக்கிக்கான ஸ்கின், பட்டம் முதலியன. இவை அலங்காரப் பொருள்கள், கணக்கில் தங்குபவை. இவற்றைப் பெற இரு வழிகள் இருந்தன. ராயல் பாஸ் என்னும் திட்டத்தில் பணிகளை முடித்துப் படிப்படியாக ஏறலாம். அல்லது யுசி என்னும் விளையாட்டு நாணயத்தைப் பணம் கொடுத்து வாங்கிப் பெட்டிகளைத் திறக்கலாம். தேயிலைத் தோட்டத்தில் நிர்ணயித்த எடைக்கு மேல் இலை பறித்தால் கூடுதல் கூலி கிடைப்பது போன்றது முதல் வழி. இரண்டாவது, குலுக்கல் சீட்டு போன்றது. என்ன வரும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

2020 தடை

2020 செப்டம்பர் 2 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் இந்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜி மொபைல் அவற்றுள் ஒன்று. அதனை இந்தியாவில் சீனாவின் டென்சென்ட் நிறுவனம் நடத்திவந்தது. அக்டோபர் 30 அன்று இந்தியாவுக்கான சேவை முற்றிலும் நின்றது. மாதக்கணக்கில் விளையாடிச் சேர்த்த பரிசுகளும் பணம் கொடுத்து வாங்கியவையும் ஒரே நாளில் எட்டாமல் போயின. ஆட்டம் முடிந்ததும் மறையும் லூட்டைப் போலவே, நிலையானவை என்று கருதப்பட்ட பரிசுகளும் மறையக்கூடியவை என்பது அன்று வெளிப்பட்டது.

பிஜிஎம்ஐயில் வந்த மாற்றங்கள்

பிஜிஎம்ஐயை தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் நேரடியாக நடத்துகிறது. களத்து லூட்டின் விதிகள் பெரும்பாலும் மாறவில்லை. பழைய கணக்கின் பொருள்களைப் புதிய விளையாட்டுக்கு மாற்றிக்கொள்ளவும் வசதி தரப்பட்டது. ஆனால் அதற்கு விளையாடுபவர் ஒப்புதல் தர வேண்டும். முகநூல், டுவிட்டர் போன்ற கணக்குடன் பழைய விளையாட்டை இணைத்திருக்கவும் வேண்டும். அந்த வசதியும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே இருந்தது.

பரிசுகளைச் சுற்றிப் புதிய வரம்புகள் வந்தன. 18 வயதுக்குட்பட்டோர் நாளொன்றுக்கு 3 மணி நேரம் மட்டுமே விளையாடலாம். 7,000 ரூபாய்க்கு மேல் செலவிட முடியாது. நாளுக்கு 7,000 ரூபாய் என்பதே பல குடும்பங்களுக்குப் பெருந்தொகை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

2021 சூலையில் ராயல் பாஸும் மாறியது. முன்பு ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு 100 படிகள், விலை 600 யுசி. பின்னர் மாதத்துக்கு 50 படிகள், விலை 360 யுசி. படிகளின் எண்ணிக்கை இரண்டு மாதத்துக்கு அதே 100தான். விலையோ 720 யுசி ஆகிறது.

2022 சூலை 28 அன்று அரசின் ஆணைப்படி பிஜிஎம்ஐயும் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. 2023 மே மாதத்தில் மூன்று மாதச் சோதனை அனுமதியுடன் திரும்பியது. அப்போது பெரியவர்களுக்கும் நாளுக்கு 6 மணி நேரம் என வரம்பு வந்தது.

நியூ ஸ்டேட்

நியூ ஸ்டேட் 2051ஆம் ஆண்டில் நடப்பதாக அமைந்தது. இங்கு களத்து லூட்டே மாறியது. களத்தில் டிரோன் நாணயங்களைச் சேகரித்து, தேவையான பொருளைக் கேட்டால் டிரோன் கொண்டுவந்து தரும். கிடைத்ததை வைத்துச் சமாளிப்பது போய், வேண்டியதைத் தேர்ந்து வாங்குவது வந்தது.

பிற நாட்டு விளையாட்டில்

அமெரிக்காவின் ஓவர்வாட்ச் விளையாட்டில் 2016 முதல் லூட் பெட்டிகள் இருந்தன. பணம் கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்று 2018இல் பெல்ஜியம் அறிவித்தது. 2022 அக்டோபரில் வந்த ஓவர்வாட்ச் 2இல் பெட்டிகள் நீக்கப்பட்டு, படிநிலைப் பாஸ் வந்தது. எனினும் 2025 பிப்ரவரியில் பெட்டிகள் மீண்டும் சேர்க்கப்பட்டன.

மதிப்பீடு

ஒரு விளையாட்டிலிருந்து அடுத்ததற்குச் செல்லும்போது லூட்டின் விதியை வடிவமைப்பாளர் முடிவு செய்கிறார். பரிசின் விதியையோ நிறுவனமும் அரசும் முடிவு செய்கின்றன. விளையாடுபவர் வாங்குவது பொருளை அன்று. அதைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே. யுசிக்குப் பணம் செலுத்தும் முன் மாணவர்களும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.