திண்ணைப் போதனையும் நம் கடமையும்

கல்வி என்றவுடன் பள்ளிக்கூடக் கட்டடத்தையும் மணியோசையையும் நினைப்பது நம்மவர் வழக்கமாய்விட்டது. ஆயினும் நம் நாட்டுச் சரித்திரத்தை ஆராயுமிடத்து, வீட்டிலும் திண்ணையிலும் ஆசிரியர் இல்லத்திலும் தனியே நிகழ்ந்த போதனையே பலருடைய வாழ்வை உயர்த்தியது என்பதும், அது கிட்டாமையே வேறு பலரைப் பின்னிறுத்தியது என்பதும் புலனாகும். இந்நாளில் 'டியூஷன்' என்றும் 'கோச்சிங்' என்றும் வழங்குவதன் வேர் மிகப் பழையது; அதற்கு நாம் கொடுக்கும் விலைதான் புதியது. இதனைச் சரித்திர வாயிலாக எடுத்துரைத்து, அதனால் நமக்கு விளையும் கடமையையும் சுட்டுவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

சென்னை இராஜதானியின் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ, ஜில்லாதோறும் எத்தனை பள்ளிகள் உள்ளன, அவற்றில் எத்தனை பேர் பயில்கின்றனர் என்பதை அறிந்தனுப்புமாறு 1822-ஆம் ஆண்டில் கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். 1826-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் எழுதிய குறிப்பில் அக்கணக்கின் முடிவு காணப்படுகிறது. ஏறக்குறைய 1,28,50,000 ஜனங்கள் வாழ்ந்த அவ்விராஜதானியில் 12,498 பள்ளிகளும், அவற்றில் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். இதனினும் நாம் கருதற்குரிய செய்தி ஒன்று உண்டு. சென்னைப் பட்டணத்தில் மட்டும் 26,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள் தத்தம் வீடுகளிலேயே கற்றுவந்தனர் என்று கலெக்டர் தெரிவித்திருந்தார். இத்தொகை அந்நகரத்துப் பள்ளிகளிற் பயின்றோரைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்காகும். இதிற் பிழையிருத்தல் கூடுமென மன்றோ ஐயுற்றாரெனினும், உறவினராலும் தனி ஆசிரியராலும் வீட்டிற் கற்பிக்கப்பட்டோர் தொகை பெரிதென்பதை அவர் மறுத்திலர்.

இக்கணக்கைக் கொண்டு நம் முன்னோர் பெருமையை மட்டும் பேசி மகிழ்தல் தகாது. 1,88,650 பேருள் பெண்மக்கள் 4,540 பேரே. தீண்டாமைக் கொடுமைக்கு ஆளாகியிருந்தோரின் பிள்ளைகளுக்கோ, பிறர் வீட்டுத் திண்ணையருகே வருதற்கும் பெரும்பாலும் இடமிருந்ததில்லை. வீட்டில் எழுத்தறிந்த தந்தையோ மாமனோ இருந்தவன் கற்றான். ஆசிரியரை வீட்டிற்கு வருவிக்கப் பொருளிருந்தவன் கற்றான். ஏனையோர் மாட்டின் பின்னும் தறியின் பின்னும் சென்றனர். பல்லாரி ஜில்லாக் கலெக்டராகிய காம்ப்பெல் என்பார், வறுமை மிகுதியால் பெற்றோர் பலர் தம் மக்களைப் பள்ளிக்கு அனுப்ப இயலாது நின்றனர் என 1823-ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளார்.

இனி, அக்காலத்துத் திண்ணைப் பள்ளியின் முறையைச் சிறிது நோக்குவோம். ஐந்து வயதுச் சிறுவன் மணலில் விரலால் எழுதிப் பழகுவான். பின்னர் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். எண்சுவடியும் நீதி நூல்களும் நிகண்டும் முறையே மனப்பாடமாகும். உபாத்தியாயருக்கு மாதந்தோறும் சிறு காசும், அறுவடையில் நெல்லும், விசேஷ நாட்களில் காய்கறியும் துணியும் கிடைக்கும். நவராத்திரியில் பிள்ளைகள் வீடுதோறும் பாடிச் சென்று பெறும் பொருளும் அவரையே சேரும். இவ்வாறு, கொடுப்போரின் நிலைக்கேற்பக் கூலியும் கூடிற்று, குறைந்தது.

ஒரே உபாத்தியாயர் பல வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் எங்ஙனம் இயன்றது? மூத்த மாணாக்கன் இளையவனுக்குப் பாடஞ்சொல்லும் ஏற்பாட்டினால் அது இயன்றது. அம்மூத்தவனே சட்டாம்பிள்ளை எனப்பட்டான். சென்னை எழும்பூரில் ஆங்கிலச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கென 1789-ஆம் ஆண்டில் ஏற்பட்ட அநாதை விடுதியை நடத்திய டாக்டர் ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், நம்மவர் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு வியந்தார். தம் பள்ளி ஆசிரியர்கள் அம்முறையைக் கைக்கொள்ள மறுக்கவே, சிறுவன் ஒருவனைக் கொண்டே ஏனைச் சிறுவர்க்கு எழுத்துக் கற்பித்து வெற்றி கண்டார். அதனை 1797-ஆம் ஆண்டில் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அம்முறை 'சென்னை முறை' என்னும் பெயருடன் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளிற் பரவியது. மேற்கூறிய காம்ப்பெல்லும், மூத்தோர் இளையோர்க்குக் கற்பிக்கும் நம் வழக்கம் இங்கிலாந்திற் பின்பற்றப்பட்டது தகுதியே எனப் பாராட்டினார். நம் திண்ணையில் விளைந்த விதை அயல்நாட்டிற் பயிராயிற்று. நாமோ அதனை மறந்தோம்.

எழுத்தறிவின் மேற்பட்ட உயர் கல்விக்கும் தனிப் போதனையே வழியாயிருந்தது. உ. வே. சாமிநாதையரின் தந்தையார் பெருஞ்செல்வரல்லர். மகனுக்குத் தமிழ் கற்பிக்கத் தக்க ஆசிரியரைத் தேடி ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். 1871-ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் அவ்விளைஞர் வந்தடைந்தார். பிள்ளையவர்கள் பாடஞ்சொன்னதற்குப் பொருள் கேட்டவரல்லர். தம்மிடம் பயின்ற ஏழை மாணாக்கரின் உணவைப் பற்றியும் தாமே கவலை கொண்டவர். 1876-ஆம் ஆண்டில் அவர் மறையும்வரை சாமிநாதையர் அவருடன் இருந்து பயின்றார். பிற்காலத்தில் சங்க நூல்கள் அச்சேறிய பெருமைக்கு அடிப்படை, விலை பேசாத அப்பாடமே எனலாம்.

காலம் மாறியது. 1857-ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலை நிறுவப்பட்டபின், மெட்ரிகுலேஷன் முதலிய பரீட்சைகளே உத்தியோகத்திற்கு வாயிலாயின. ஒரு பாடத்தில் தவறினும் வாயில் அடைபடும். ஆகவே நூலைக் கற்பிப்பவரினும் பரீட்சைக்கு ஆயத்தம் செய்விப்பவரே வேண்டப்பட்டார். கணித மேதை இராமாநுஜன் வரலாற்றில் இவ்விரு நிலைகளையும் காணலாம். இளமையில், கும்பகோணத்துத் தம் இல்லத்திற் குடியிருந்த கல்லூரி மாணாக்கரிடம் அவர் கணிதம் கற்றார். அவர்கள் அறிந்ததனைத்தையும் விரைவிற் கடந்தார். பின்னர் ஏனைப் பாடங்களிற் கருத்தின்றி எப். ஏ. பரீட்சையில் தவறினார். அங்ஙனம் தவறியவரே சென்னையில் அதே பரீட்சைக்குப் படித்த மாணாக்கர்க்குக் கணிதம் போதித்துச் சிறிது பொருளீட்ட நேர்ந்தது. அவரே 1918-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். பரீட்சை அளப்பது ஒன்று, அறிவு வேறொன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அண்மைக்காலச் செய்தியும் இதனோடு தொடர்புடையதே. தமிழ்நாட்டில் வைத்தியக் கல்விக்கும் பொறியியற் கல்விக்கும் இருந்த நுழைவுப் பரீட்சை நீக்கப்பட்டு, 2007-ஆம் ஆண்டு முதல் மேல்நிலைப் பள்ளி மதிப்பெண்களே கொள்ளப்பட்டன. 2017-ஆம் ஆண்டில் வைத்தியக் கல்விக்கு நீட் என்னும் பரீட்சை வந்தது. அதன்பின் பயிற்சி நிலையங்களுக்குப் பெருந்தொகை செலுத்தி, ஓராண்டும் ஈராண்டும் காத்திருக்க வல்லார்க்கு வழி எளிதாயிற்று, இயலாதார் தளர்ந்தனர். இவ்வேறுபாட்டைக் கருதியே 2020-ஆம் ஆண்டில் அரசினர் பள்ளி மாணாக்கர்க்கு நூற்றுக்கு ஏழரை இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆசிரியர் தனியே டியூஷன் நடத்தலாகாது என 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் விதித்தது. பதினாறு வயது நிரம்பாதாரைப் பயிற்சி நிலையங்களிற் சேர்த்தலாகாது என 2024-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் நெறிமுறை வகுத்தனர். சட்டம் தடுக்கலாம், கற்பிக்க அதனால் இயலாது. கொரோனா நோயினால் பள்ளிகள் அடைபட்டபின், 2021-ஆம் ஆண்டில் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தில் தன்னார்வலர் மாலைதோறும் தெருவிலும் திண்ணையிலும் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். பழைய முறை இறந்துபடவில்லை என்பதற்கு அதுவே சான்று.

அன்பர்களே! இருநூறாண்டுக்கு முன் மன்றோவின் கணக்கிற் கண்ட வேறுபாடு இன்றும் வேறு உருவில் நம் வீதியில் உலவுகிறது. ஒரு வீட்டுப் பிள்ளைக்கு மூன்று ஆசிரியர். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஐயம் கேட்க ஒருவருமில்லை. கல்யாணப் பந்தலுக்கும் வாண வேடிக்கைக்கும் நாம் செலவிடுவதில் ஒரு சிறு பங்கு போதும். சங்கக் கட்டடம் மாலையில் பூட்டிக் கிடத்தல் வேண்டா. கல்லூரியிற் பயிலும் நம் இளைஞர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும், அப்பிள்ளைகள் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கும் வாரம் இருநாள் பாடஞ்சொல்லலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் அவர்களை மேற்பார்க்கலாம். பெரும் பரீட்சைக்குப் பயிற்சி வேண்டுவோரில் ஏழைகளுக்குச் சங்க நிதியிலிருந்து உதவலாம். பெண்மக்களுக்கு முதலிடம் தருதல் நம் பழைய குறையைத் தீர்க்கும் வழியாகும்.

இன்னும் ஒன்று. அன்று திண்ணையின் கீழே நிறுத்தப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இன்று நம் அண்டை வீட்டார். நாம் இடும் விளக்கின் ஒளியில் அவர்தம் பிள்ளைகளும் அமர்ந்து படித்தல் வேண்டும். குலம் கேட்டுத் திறக்கும் கதவு கல்விக் கதவாகாது. வரும் பள்ளியாண்டு தொடங்குமுன் ஒவ்வொரு கிளைச் சங்கத்தாரும் ஒரு திண்ணையேனும் கண்டு, ஒரு பாயேனும் விரிப்பாராக.