ஊசிக்கு முந்திய நிமிஷங்கள்: பக்கவாத அவசர சிகிச்சையில் கணிப்பொறியின் பங்கு

பக்கவாதத்தின் வைத்திய சரித்திரத்தில் 1995-ஆம் ஆண்டு ஓர் எல்லைக்கல். லண்டன் ஆட்கின்சன் மார்லி மருத்துவமனையில் 1971-இல் பொறியியலாளர் ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சி.டி. யந்திரம் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்ததிலிருந்து, மூளையில் நேர்ந்திருப்பது ரத்தக்கசிவா அல்லவா என்று பகுத்தறிய வழி பிறந்துவிட்டதாயினும், கசிவு இல்லை, அடைப்புத்தான் என்று அறிந்த பின்னும் அந்த அடைப்பைக் கரைக்க நிரூபணமான மருந்து ஒன்றும் இல்லாமையால், நிமிஷக் கணக்குப் பார்க்கும் அவசியம் வைத்தியர்களுக்கு ஏற்படவில்லை. 1995 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி அந்நிலையை மாற்றிற்று. 624 நோயாளிகளைக் கொண்டு நடந்த அந்தப் பரிசோதனையில், நோய் கண்ட 3 மணி நேரத்துக்குள் ஆல்டிப்ளேஸ் என்னும் மருந்தைச் செலுத்தினால், மூன்று மாதங்களில் ஊனமின்றியோ சொற்ப ஊனத்துடனோ தேறும் வாய்ப்புக் குறைந்தது 30 சதவிகிதம் அதிகமாகிறது என்பது தெளிவாயிற்று. ஆனால் அதே மருந்து, நோய்க்குறியை மோசமாக்கும் மூளை ரத்தக்கசிவை 0.6 சதவிகிதத்திலிருந்து 6.4 சதவிகிதமாக உயர்த்தியதும் அதிலேயே பதிவாயிற்று.

தாமதத்தின் மூலகாரணம் இந்த இரண்டாவது விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது. கசிவு இல்லையென்று படத்தால் உறுதி செய்யவும், நோயாளி ரத்தம் உறையாமைக்கு மருந்துண்பவரா, அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவரா என்றெல்லாம் விசாரிக்கவும் வைத்தியர் கடமைப்பட்டவர். விசாரிக்கப்பட வேண்டியவரோ பல சமயங்களில் பேச்சிழந்து கிடப்பவர். ஒரு காரியம் முடிந்த பின்னரே அடுத்த காரியம் என்னும் பழைய கிரமப்படி, பதிவேட்டில் பெயரெழுதி, ரத்தம் எடுத்து, படத்துக்கு அனுப்பி, நிபுணரை அழைத்துக் காத்திருப்பதிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிந்துவிடும். பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிஷத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று நரம்பியல் நிபுணர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணித்துக் கூறியபோது, அந்தக் காத்திருப்பின் விலை எவ்வளவு என்பது எண்ணிக்கையாகவே வெளிப்பட்டது.

இக்கிரமத்தைக் குலைக்கக் கணிப்பொறியைப் பயன்படுத்தியவர்களுள் தென்கொரியாவின் சியோல் நகரத்துச் செவரன்ஸ் மருத்துவமனையினர் முக்கியமானவர்கள். வைத்தியர்கள் மருந்துகளுக்கும் பரிசோதனைகளுக்கும் உத்தரவிடும் கணிப்பொறித் திரையிலேயே பக்கவாத எச்சரிக்கையையும் அவர்கள் இணைத்தனர். அவசரப் பிரிவு வைத்தியர் அதைத் தொடங்கி வைத்ததும், முன்னரே வகுத்த உத்தரவுத் தொகுதி அவர் கைக்குக் கிடைக்க, நிபுணர்களின் கைபேசிகளுக்குச் செய்தியும் பறந்தது. ஒருவரை ஒருவர் தேடித் தொலைபேசியில் அழைக்கும் சிரமம் அதனால் பெரிதும் ஒழிந்தது.

ஆயினும் இத்துறையின் மிகச் சிறந்த அத்தியாயம் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மருத்துவமனையில் எழுதப்பட்டது என்பது என் அபிப்பிராயம். அங்கே நோயாளி வாசலில் நுழைந்தது முதல் ஊசி ஏறும் வரையிலான காலத்தின் இடைநிலை அளவு 1998-இல் 105 நிமிஷங்களாயிருந்து, 2003-இல் 60 ஆகி, 2011-இல் 20 ஆகச் சுருங்கியதை ஆட்டே மெரெட்டோயாவும் அவருடைய சகாக்களும் 2012-இல் வெளியிட்டனர். பன்னிரண்டு மாற்றங்கள் அதற்குக் காரணம். அவற்றுள் தலையாயது, ஆம்புலன்ஸ் ஊழியர் வழியிலிருந்தே அழைத்து நோயாளியின் அடையாள எண்ணைத் தெரிவிக்க, அவர் வந்து சேருமுன்பே கணிப்பொறியில் அவரைப் பதிவு செய்து, ரத்தப் பரிசோதனைக்கும் படத்துக்கும் உத்தரவிட்டு, பழைய வைத்தியக் குறிப்புகளை மின்னணுப் பதிவேடுகளிலிருந்து எடுத்து வாசித்துவிடுவது. விருந்தாளி வாசலில் வந்து நின்ற பிறகு அரிசி களையத் தொடங்கும் வீட்டுக்கும், உலை கொதிக்கக் காத்திருக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் இது. அவசரப் பிரிவுக்கே இடம் மாற்றப்பட்ட சி.டி. யந்திரத்தின் மேசையிலேயே மருந்தும் செலுத்தப்பட்டது. இவற்றில் எதுவும் புதுமையான கண்டுபிடிப்பன்று என்பதும், கணிப்பொறி இங்கே கணக்கிட்டது சொற்பமே, செய்தியை நோயாளிக்கு முன்னதாகக் கொண்டு சேர்த்ததே அதன் பெருந்தொண்டு என்பதும் ஆராய்ச்சியாளர் கவனிக்கத்தக்கவை.

இம்முறை வேற்று மண்ணில் வேரூன்றுமா என்ற சந்தேகத்துக்கு ஆஸ்திரேலியாவின் ராயல் மெல்போர்ன் மருத்துவமனை 2012-இல் விடை கண்டது. நான்கு மாத ஏற்பாட்டுக்குப் பின், பகல் வேலை நேரத்தில் 43 நிமிஷங்களாயிருந்த காலம் 25 ஆகக் குறைந்தது. வேலை நேரத்துக்கு வெளியிலோ 67-இலிருந்து 62-க்கு வந்ததோடு சரி, அதை மாற்றமென்றே கொள்வதற்கில்லை. பகலில் பெற்ற வேகத்தை மற்ற நேரத்தில் பெறாத இந்த முடிவைக் காணும்போது, பதிவேடு எத்துணை முந்தினாலும் அதை வாசித்துத் தீர்மானிக்க ஆள் பக்கத்தில் இருந்தாலன்றிப் பயன் குறைவு என்றே எண்ணத் தோன்றுகிறது. கணிப்பொறிகளைப் பற்றிப் பேசுவோர் இந்தப் புள்ளிவிவரத்தை அவ்வளவாக எடுத்துரைப்பதில்லை.

அடைப்பைக் குழாய் வழியே சென்று அகற்றும் சிகிச்சை 2015-இல் நிலைபெற்ற பிறகு, படத்தையே ஆராயும் மென்பொருள்கள் முன்னணிக்கு வந்தன. பெரிய ரத்தக்குழாய் அடைப்புக்கான சந்தேகக் குறிகளைக் கண்டு நிபுணரின் கைபேசிக்கு நேரே அறிவிக்கும் விஸ் நிறுவனத்தின் மென்பொருளுக்கு 2018 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. அவ்வனுமதி நோயைத் தீர்மானிப்பதற்கன்று, முன்கூட்டி அறிவிப்பதற்கே. படத்தை முழுமையாக வாசிக்கும் பொறுப்பு வழக்கம்போல் வைத்தியரிடமே விடப்பட்டது.