ஊர் நகரல, ஐடி மட்டும் மாறிச்சு

இந்த எபிசோடை ஒரு பழைய பத்திரத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க ஊர் ஆர்.கே.பேட்டை. திருத்தணி பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கு. தறிச் சத்தம் கேட்டா ஊர் வந்துடுச்சுன்னு அர்த்தம். தாத்தா 1957-ல ஒரு காணி நிலம் வாங்கினார். அந்தப் பத்திரம் இன்னும் எங்க வீட்டு பீரோவுல இருக்கு. அதுல எழுத்து தெலுங்கு, மாவட்டம் சித்தூர், மாநிலம் ஆந்திரப் பிரதேசம். பட்டாவை அப்பா பேருக்கு மாத்தப் போனப்ப, அதைப் புரட்டிப் பார்த்த ஒருத்தர் கேட்டார்: “இது ஆந்திரா நிலமாச்சே, இங்க ஏன் கொண்டு வந்தீங்க?”

நிலம் ஒரு அடிகூட நகரல. ஆனா காகிதத்துல இருந்த முகவரியை வச்சு அதைத் தேடினா கிடைக்கல.

நான் சென்னையில சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். இதே சிக்கல் எங்க வேலையில தினமும் வரும். ஒரு பக்கத்துல இருக்கிற பட்டன், டெக்ஸ்ட் பாக்ஸ் ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஐடி உண்டு. அந்த ஐடியை வச்சுத்தான் எங்க ஸ்கிரிப்ட் பட்டனைத் தேடிப் பிடிச்சு அழுத்தும்.

2002-ல மைக்ரோசாஃப்ட் ஏ.எஸ்.பி. டாட் நெட்டை வெளியிட்டப்ப, அதோட வெப் ஃபார்ம்ஸ்ல இந்த ஐடியை சிஸ்டமே உருவாக்கும். எப்படின்னா, பட்டன் எந்தப் பெட்டிக்குள்ள இருக்கோ அந்தப் பெட்டியோட பேர், அதுக்கு வெளியே இருக்கிற பெட்டியோட பேர்னு எல்லாத்தையும் முன்னாடி கோர்த்துடும். டெவலப்பர் பட்டனை ஒரு பெட்டியில இருந்து இன்னொண்ணுக்கு மாத்தினா, ஐடியும் மாறிடும். பட்டன் அதே பட்டன்தான், செய்யற வேலையும் அதேதான். ஆனா ஸ்கிரிப்ட் “அப்படி ஒண்ணு இல்லை”ன்னு நின்னுடும். 2010-ல வந்த நாலாவது பதிப்புலதான், “நான் வச்ச ஐடியை அப்படியே விடு”ன்னு சொல்ற வசதி கிடைச்சது. அதுக்குப் பேரே ஸ்டாட்டிக்.

இப்ப எங்க ஊரை ஒரு பட்டனா நினைச்சுக்கோங்க. வெளிப் பெட்டி மாநிலம், அதுக்குள்ள மாவட்டம், அதுக்குள்ள வட்டம்.

முதல்ல வட ஆற்காடு மாவட்டம். 1911-ல சித்தூர் மாவட்டம் உருவானப்ப திருத்தணி பகுதி அதுக்குள்ள போச்சு. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தப்ப, சித்தூரோட சேர்ந்து நாங்களும் அங்க போனோம். 1956-ல அது ஆந்திரப் பிரதேசம் ஆச்சு. ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் போன்றவங்க நடத்தின வடக்கெல்லைப் போராட்டம், பிறகு படாஸ்கர் பரிந்துரை, 1959-ல எல்லை மாற்றச் சட்டம். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி மெட்ராஸ் மாநிலத்துக்குத் திரும்பிச்சு, செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ள. 1969-ல மாநிலத்தோட பேர் தமிழ்நாடு. 1997-ல திருவள்ளூர் மாவட்டம். அப்புறம் பள்ளிப்பட்டு வட்டத்துல இருந்து பிரிஞ்சு ஆர்.கே.பேட்டையே ஒரு வட்டம் ஆச்சு.

தாத்தா வீடு மாறவே இல்லை. அவர் முகவரிதான் மாறிக்கிட்டே இருந்தது.

அஞ்சல் துறை வேற வழியில போச்சு. 1972 ஆகஸ்ட் 15-ல பின்கோடு வந்தப்ப, தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் முதல் இலக்கம் 6, ஆந்திராவுக்கும் கர்நாடகாவுக்கும் 5. நாங்க 1960-லயே திரும்பிட்டதால எங்களுக்கு 6. இதே பின்கோடு 1955-ல வந்திருந்தா 5-ல ஆரம்பிச்சிருக்கும். ஆனா ஒரு தடவை கொடுத்த எண்ணை அரசியல் எல்லை மாறும்போதெல்லாம் அவங்க மாத்தறதில்லை. 2014-ல தெலங்கானா பிரிஞ்சப்ப, வண்டி நம்பர் பலகையில மாநில எழுத்து மாறிச்சு. ஹைதராபாத்தோட பின்கோடு மட்டும் அப்படியே 500-லதான் ஆரம்பிக்குது.

“அப்ப எல்லாத்தையும் ஸ்டாட்டிக்கா வச்சுடலாமே?”ன்னு கேட்பீங்க. அதுவும் முடியாது. ராமாபுரம்னு மட்டும் சொன்னா எந்த ராமாபுரம்? மாவட்டம் சொன்னாத்தான் தெரியும். பக்கத்துலயும் அப்படித்தான். ஒரு பட்டியல்ல 50 வரிசை, ஒவ்வொரு வரிசையிலயும் ஒரே ஐடியோட பட்டன் இருந்தா, ஸ்கிரிப்ட் எதை அழுத்தும்? ஒரே பேர் ரெண்டு தடவை வந்து குழப்பக் கூடாதுன்னுதான் பெட்டியோட பேரைச் சேர்த்தாங்க. அந்தக் காரணம் சரியானது.

இன்னொண்ணும் உண்டு. எங்க ஊருக்கு முன்னாடி எந்த மாநிலத்தோட பேர் வரணும்னு மக்கள் போராடி ஜெயிலுக்குப் போயிருக்காங்க. அதை வெறும் முன்னொட்டுன்னு தள்ளிவிட எனக்கு மனசு வராது. பெட்டியோட பேர் ஒரு வரலாறு. அதை எழுதி வைக்கணும். ஆனா பொருளைத் தேடிக் கண்டுபிடிக்க அதை மட்டுமே நம்பக் கூடாது. பொருளுக்குன்னு மாறாத அடையாளம் ஒண்ணு தனியா வேணும். பழைய பேர் எது, புதுப் பேர் எதுன்னு பொருத்திக் காட்டற அட்டவணையும் வேணும்.

எங்க நிலத்துக்கு அந்த அட்டவணையா இருந்தவர் ஒரு வயசான பத்திர எழுத்தர். தெலுங்கும் தமிழும் தெரிஞ்சவர். மாவட்டத்தை அவர் பார்க்கவே இல்லை. நேரா சர்வே நம்பருக்குப் போனார். அப்புறம் நாலு எல்லை: கிழக்கே கால்வாய், வடக்கே பொதுக் கிணறு. மேற்கே ஒரு புளியமரம்னு இருந்தது. மரம் இப்ப இல்லை. சர்வே நம்பர் உட்பிரிவு ஆகி, பின்னாடி ஒரு எழுத்து சேர்ந்திருந்தது. ஆனா அடி எண் அதேதான். பழைய பதிவேட்டோட ஒப்பிட்டுப் பார்த்து, “இதுதான் உங்க நிலம்”னார்.

பட்டா மாறிடுச்சு. மறுநாள் ஆபீஸ் போய் என் ஸ்கிரிப்டைத் திறந்தேன். பெட்டிப் பேரை வச்சுத் தேடற வரி ஒவ்வொண்ணையும் எடுத்துட்டு, டெவலப்பர்கிட்ட பட்டன்களுக்குத் தனி ஐடி கேட்டேன். “எதுக்கு இப்ப அவசரம்?”னு கேட்டார். தாத்தா பத்திரத்தோட போட்டோவை அவருக்கு அனுப்பினேன்.