கண்மணியைச் சுழற்றிய எண்கள்

ஹிட்டோமி என்றால் ஜப்பானிய மொழியில் கண்மணி. 2016 பெப்ரவரி 17 அன்று தனேகஷிமா தீவிலிருந்து ஜப்பான் ஏவிய எக்ஸ் கதிர்ச் செய்மதிக்கு அந்தப் பெயர். அதிலிருந்த நுண்ணிய வெப்பமானிக் கருவியை விண்ணில் இயக்கிப் பார்க்க எடுத்த மூன்றாவது முயற்சி அது. 2000 இல் ரொக்கெட் தவறியது. 2005 இல் சுசாகு செய்மதி மேலே போய்ச் சில வாரங்களுக்குள் குளிரூட்டும் ஹீலியம் தீர்ந்துபோச்சு.

இந்தமுறை கருவி வேலை செய்தது. பெர்சியஸ் விண்மீன்மண்டலக் கூட்டத்தின் சூடான வாயு செக்கனுக்குச் சுமார் 164 கிலோமீற்றர் வேகத்தில் கலங்குவதை அளந்தது. அது எதிர்பார்த்ததைவிட அமைதியான வாயு.

பிழை கருவியில் இல்லை, அமைப்புப் பெறுமானங்களில் இருந்தது. செய்மதியைத் திருப்ப எந்த உந்தி எவ்வளவு எரியவேண்டும் என்பது ஒரு வரிசை எண்களாக அதன் கணினியில் இருக்கும். பாடசாலையில் 'அணி' எண்டு படிச்சமே, கிட்டத்தட்ட அதுதான். மடித்து வைத்த தாங்கி விரிந்து செய்மதி 14 மீற்றர் நீளமானதும் எடைப் பரம்பல் மாறியது. அதனால் பெப்ரவரி இறுதியில் புதிய எண்கள் அனுப்பப்பட்டன. அவை பிழை. சிமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கவுமில்லை.

ஒரு மாசம் ஒன்றும் நடக்கேல்லை, அந்த எண்கள் தேவைப்படாததால. மார்ச் 26 அன்று, சும்மா நின்ற செய்மதி தான் சுழல்வதாக அதன் மென்பொருள் கணித்தது. இல்லாத சுழற்சியை நிறுத்தப்போய் உண்மையிலேயே சுழலத் தொடங்கியது. காப்பாற்ற உந்திகள் எரிந்தன, அந்தப் பிழையான எண்களின்படி. வேகம் கூடி, சூரியப் பலகைகள் முறிந்து பறந்தன. ஏப்ரல் 28 அன்று கைவிட்டார்கள்.

ஆரோ ஒருத்தர் எண்ணை மாத்திப் போட்டிட்டார் எண்டு கதையை முடிக்கலாம். கலைப்பீடத்தில் வரலாறு படிக்கும் எங்களுக்கு அப்படி முடியும் கதைகளில் எப்பவும் சந்தேகம். ஜப்பானிய விண்வெளி முகவரகத்தின் விசாரணையும் அதோட நிக்கவில்லை. சரிபார்ப்பு ஏன் நடக்கவில்லை, அவதானிப்புக்குக் கொடுத்த முன்னுரிமையில் பாதுகாப்பு எப்படிப் பின்னுக்குப் போனது என்றும் கேட்டது. நல்ல வரலாற்றுக் கேள்விகள் அவை.

2023 செப்டெம்பர் 7 அன்று அதே வகைக் கருவியுடன் எக்ஸ்ரிஸம் போனது. கருவியின் வாசலை மூடியிருக்கும் கதவு இன்னும் திறக்கவில்லை. மூடிய கதவுக்குள்ளாலயே பார்த்துக்கொண்டிருக்கிறது.