உயரமான ஐந்து கன்றுகள்: யெல்லோஸ்டோன் ஓநாய் வாதத்தின் ஓர் அளவீட்டுச் சிக்கல்

ஓநாய்கள் திரும்பியதால் யெல்லோஸ்டோனின் வடக்கு மேய்ச்சல் வெளியில் ஆஸ்பென் தோப்புகள் மீண்டெழுந்தன என்ற முடிவு பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது. மறுஅறிமுகத்தை ஆதரிப்போர் எங்கு வாதாடினாலும் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான். இந்த முடிவின் அடியில் இருப்பது ஓர் எளிய அளவீட்டு முறை: ஒவ்வொரு தோப்பிலும் உள்ள இளங்கன்றுகளில் மிக உயரமான ஐந்தை மட்டும் தேர்ந்து அளப்பது. அந்த ஐந்து கன்றுகள் மீது இவ்வளவு பெரிய முடிவை ஏற்றிவைக்க இயலாது என்பதே என் வாதம். 1995, 1996 ஆகிய ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டது சரியா என்பது வேறு கேள்வி. சரி என்றே கருதுகிறேன். ஆனால் சரியான செயலுக்கும் தவறான சான்று காட்டப்படுவதுண்டு.

கன்றிலிருந்தே தொடங்குவோம். இப்பகுதியில் ஆஸ்பென் பெரும்பாலும் விதையால் பெருகுவதில்லை. தாய்மரத்தின் வேரிலிருந்து கன்றுகள் கிளம்புகின்றன. குளிர்காலத்தில் எல்க் மான் நுனிமொட்டைக் கடித்துவிட்டால் கன்றின் நேர்வளர்ச்சி அங்கே நின்றுபோகும். அடுத்த கோடையில் பக்கமொட்டு ஒன்று தலைத்தண்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போகும். தண்டில் ஒவ்வோர் ஆண்டின் மொட்டுத் தழும்பும் சிறு வளைய வடுவாக நிற்கும். கடிபட்ட ஆண்டில் ஒரு காய்ந்த முனையும், அதையொட்டி ஒரு மடிப்பும் இருக்கும். பழகிய கண் இந்த வடுக்களைக் கீழ்நோக்கிப் படித்து, எந்த ஆண்டு எவ்வளவு வளர்ந்தது, எந்த ஆண்டு கடிபட்டது என்று சொல்லிவிடும். ஒரே கோடைக் களப்பணியில் பல ஆண்டுகளின் வரலாற்றை மீட்டுத் தரும் அழகான உத்தி இது. அதன் அழகை நான் மறுக்கவில்லை.

சிக்கல், யாருடைய வரலாற்றைப் படிக்கிறோம் என்பதில் இருக்கிறது. எல்க் மான் வசதியாக எட்டிக் கடிப்பது ஏறத்தாழ 2 மீட்டர் வரை. அந்த எல்லையைத் தாண்டிய கன்றின் நுனிமொட்டு மானுக்கு எட்டாது. தோப்பின் மிக உயரமான ஐந்து கன்றுகள் உயரமாக இருப்பதற்கு முதற்காரணமே அவை தொடர்ந்து கடிபடாததுதான். கடிபடாததால் உயர்ந்தவற்றைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் கடி குறைந்திருக்கிறது என்று கண்டறிந்தால், கண்டறிதல் தேர்விலேயே அடங்கிவிடுகிறது. தண்டு வழியே பின்னோக்கிப் படிக்கும்போது இந்தச் சாய்வு இன்னும் கூடுகிறது. தப்பிப் பிழைத்து உயர்ந்த எந்தக் கன்றிலும் கீழ்ப்பகுதியில் கடிவடு மிகுந்தும் மேற்பகுதியில் அருகியும் இருக்கும். கடைசி ஆண்டுகளில் அது மானின் வாய்க்கு மேலே போய்விட்டதே காரணம். அதே ஆண்டுகளில் கடிபட்டுக் குட்டையாகவே நின்றவையும், கடிபட்டுச் செத்தவையும் கணக்கில் இல்லை. ‘ஆண்டுதோறும் கடி குறைந்து வந்திருக்கிறது’ என்று வரையப்படும் கோடு எந்த அளவுக்கு மானின் நடத்தையைக் காட்டுகிறது, எந்த அளவுக்குத் தப்பிய கன்றின் வயதைக் காட்டுகிறது என்று இந்தத் தரவை மட்டும் வைத்துப் பிரிக்க வழியில்லை.

இரண்டாவது சாய்வு எண்ணிக்கையால் வருவது. இது போதிய கவனம் பெறவில்லை என்று நினைக்கிறேன். பத்துக் கன்றுகள் உள்ள இடத்தில் உயரமான ஐந்து என்பது மேல்பாதி. நூறு கன்றுகள் உள்ள இடத்தில் அதே ஐந்து, மேலிருந்து இருபதில் ஒரு பங்கு. கன்றுகளின் சராசரி உயரம் சற்றும் மாறாமல், ஈரமான ஓர் ஆண்டில் புதுக் கன்றுகள் அதிகம் கிளம்பினாலே போதும். ஐந்தின் உயரம் ஏறிவிடும். ஒரு பள்ளி ஆண்டுதோறும் முதல் ஐந்து மாணவரின் மதிப்பெண்ணை மட்டும் நாளிதழில் விளம்பரம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவர் சேர்க்கை இருமடங்கானால், பாடம் நடத்துவதில் எந்த மாற்றமும் இல்லாமலே விளம்பரம் மெருகேறும். தேறாதவர் எத்தனை பேர் என்பது எந்த ஆண்டும் தெரியவராது.

மூன்றாவது, கன்றே இல்லாத தோப்புகள். ஐந்து உயரமான கன்றுகளைத் தேடிப் போகும் முறையில், முதுமரங்கள் மட்டும் நின்று அடியில் புல் மண்டிய தோப்பு எளிதில் விடுபடும். மீட்சி நடக்கவில்லை என்பதற்கு அதைவிட வலுவான சான்று வேறில்லை. அதுவே கணக்கிலிருந்து வெளியேறுகிறது. உயரமான கன்றுகளை மட்டும் அளந்த முடிவுகளையும், சமவாய்ப்பு முறையில் எடுத்த நீண்டகாலத் தரவுகளையும் 2021இல் வெளியான ஓர் ஆய்வு அருகருகே வைத்துப் பார்த்தது. முன்னது மீட்சியை 4 முதல் 7 மடங்கு வரை மிகைப்படுத்தியிருந்தது தெரியவந்தது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: ஓநாயிலிருந்து மான் வழியே மரத்தை எட்டும் தொடர்விளைவு சமவாய்ப்புத் தரவிலும் இருக்கவே செய்தது, வலு குறைந்ததாக. ஆகவே ‘ஓநாயால் எந்த மாற்றமும் இல்லை’ என்று சொல்லுவோருக்கு அந்த ஆய்வில் ஆதாயம் எதுவுமில்லை.

உயரமான கன்றுகளை அளப்பதற்கு ஆதரவாக ஒரு நேர்மையான வாதம் உண்டு. ஒரு தோப்பு பிழைக்க எல்லாக் கன்றுகளும் மரமாக வேண்டியதில்லை, சிலவே போதும். எனவே முன்னோடிக் கன்றுகளை அளப்பது தோப்பின் எதிர்காலத்தை முன்கூட்டிக் காட்டும் என்கிறார்கள். ஓரளவுக்கு ஒப்புகிறேன். ஓநாய்கள் வருவதற்கு முன் இந்த வெளியில் 2 மீட்டரைத் தாண்டிய இளங்கன்று அரிது. இன்று பல தோப்புகளில் அது காணக்கிடைக்கிறது. இது உண்மையான மாற்றம், அளவீட்டு மாயை அல்ல. ஆனால் இந்த வாதம் நிறுவுவது ‘சில இடங்களில் மீட்சி இயலும்’ என்பதை மட்டுமே. ‘இவ்வளவு மீண்டது’ என்று அளவு சொல்ல அதற்கு உரிமையில்லை. அச்சேறிய வரைபடங்களோ அளவைத்தான் சொல்கின்றன. மேலும், 2 மீட்டரைத் தாண்டியவுடன் கன்று மரமாகிவிடுவதில்லை. பைசன் மந்தைகள் இந்த வெளியில் பெருகியிருக்கின்றன. அவை கன்றைக் கடிப்பதோடு நில்லாமல் உடலை உரசி முறித்தும் போடுகின்றன. முன்னோடிகளில் எத்தனை மேல்விதானத்தை எட்டும் என்பதற்கு இன்னும் சில பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும்.

மான்கள் ஓநாய்க்கு அஞ்சி இடம் மாறியதாலேயே கன்றுகள் தப்பின என்ற கருத்தில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. ஓநாய்கள் வேட்டையாடும் பொழுதுகளைத் தவிர்த்துவிட்டு, மற்ற நேரங்களில் எல்க் மான்கள் அதே ‘ஆபத்தான’ இடங்களில் மேய்வதைக் கழுத்துப்பட்டைத் தரவுகள் காட்டிவிட்டன. எஞ்சுவது மான்களின் எண்ணிக்கை. 1990களின் நடுவில் 19,000ஐ ஒட்டியிருந்த வடக்கு மந்தை 2013இல் 4,000க்குச் சற்றுக் கீழே இறங்கியது. இந்த வீழ்ச்சியில் ஓநாய்க்குப் பங்குண்டு. 1996–97இன் கடுங்குளிருக்கும், பூங்காவின் வடக்கெல்லைக்கு வெளியே மொன்டானா அரசு அனுமதித்த பெண்மான் வேட்டைக்கும், பெருகிவந்த கிரிஸ்லி கரடிக்கும், தானாகத் திரும்பிய பூமாவுக்கும் பங்குண்டு. இவற்றில் ஓநாயின் பங்கை மட்டும் தனியே அறுத்தெடுக்க முயன்ற எந்தக் கணக்கும் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஓநாயின் பங்கைப் பிரித்துக் காட்ட ஓடைக்கரை வில்லோவின் கதையும் உதவாது. 2001இல் தொடங்கிய நீண்ட களச்சோதனையில், வேலியிட்டு மான்களைத் தடுத்தும் நிலத்தடி நீர் தாழ்ந்திருந்த இடங்களில் வில்லோ நிமிரவில்லை. வேலியோடு செயற்கை அணையும் சேர்ந்த இடங்களில்தான் நிமிர்ந்தது. பீவர்களும் அவற்றின் அணைகளும் போய்விட்ட ஓடை பள்ளமாக அரிபட்டிருந்ததே காரணம். ஓநாய் வந்ததும் ஆறே திசை மாறியது என்று சொல்லும் பிரபலக் காணொளியைப் பற்றி இவ்விதழில் எழுதுவது இடவிரயம்.

இந்த அளவீட்டுச் சண்டை ஆய்வகத்துக்குள் முடங்கியிருந்தால் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். 1994இன் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எடுத்துப் பேசியது, அழிந்துபோகவிருந்த ஓர் இனத்தைச் சட்டப்படி அதன் பழைய வாழிடத்தில் மீட்பது பற்றி. மான்கள் எவ்வளவு குறையும், எத்தனை மாடும் ஆடும் பலியாகும் என்பது பற்றி. தோப்புகள் முன்வரிசைக்கு வந்தது பிற்பாடு. 2020 நவம்பரில் கொலராடோ வாக்காளர்கள் 51 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான ஆதரவோடு, ஓநாய்களை மறுஅறிமுகம் செய்யக் கோரிய 114ஆம் முன்மொழிவை நிறைவேற்றியபோது, ஓநாய் வந்தால் காடு தழைக்கும் என்ற எதிர்பார்ப்பு பிரசாரத்தின் பெரும்பகுதியாக இருந்தது. கால்நடை வளர்ப்போரின் இழப்புக்கு அங்கே கணக்குண்டு: கொல்லப்பட்ட ஒரு மாட்டுக்கு 15,000 டாலர் வரை ஈடு. மறுதட்டில் வைக்கப்பட்டதோ உயரமான ஐந்து கன்றுகளின் கணக்கு. மாட்டை இழந்த பண்ணைக்காரர் நாளை ஒரு மொட்டைத் தோப்பைக் காட்டி ‘இதற்குத்தானா?’ என்று கேட்டால், இனத்தை மீட்பது தன்னளவிலேயே தகுதியுடைய நோக்கம் என்ற பழைய விடை கையில் இருக்காது. அதை நாமே கைவிட்டிருப்போம்.

கொலராடோவில் 2023 டிசம்பரில் ஆரெகனிலிருந்து 10 ஓநாய்களும், 2025 ஜனவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 15 ஓநாய்களும் விடப்பட்டன. எண்ணிக்கை இன்னும் சிறிது. மேற்குச் சரிவின் பெரும்பாலான ஆஸ்பென் தோப்புகளை எந்த ஓநாய்க் கூட்டமும் எட்டவில்லை. யெல்லோஸ்டோனில் தவறவிட்டதை இங்கே செய்ய இன்னும் காலம் இருக்கிறது. களங்களைச் சமவாய்ப்பில் குறித்து, கன்றே இல்லாத தோப்புகளையும் விடாமல் சேர்த்து, ஒவ்வொரு கன்றுக்கும் எண்ணிட்டு, குட்டையானவற்றையும் செத்தவற்றையும் ஆண்டுதோறும் பதிய வேண்டும். ஓநாய் எட்டாத பள்ளத்தாக்குகளில் ஒப்பீட்டுக் களங்களும் வேண்டும். முதல் அளவீடு கூட்டங்கள் பரவுவதற்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு தொடங்கப்படும் எந்த அளவீடும் மீண்டும் தப்பிய தண்டுகளின் வடுக்களைப் பின்னோக்கிப் படிப்பதாகவே முடியும்.