வேரின் வாயில்கள்

மண்ணில் வேரூன்றி நிற்கும் செடி, தான் பருகும் நீரை எவ்வழியே உள்ளே ஏற்கிறது? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை காண மானிடர்க்கு இரண்டரை நூற்றாண்டுக்கும் மேல் தேவைப்பட்டது.

இங்கிலாந்தின் டெடிங்டன் ஊரில் ஆங்கிலிக்கன் திருச்சபைக் குருவாகப் பணியாற்றிய ஸ்டீபன் ஹேல்ஸ், 1724-இல் சூரியகாந்திச் செடியொன்றைத் தொட்டியோடு 15 நாட்கள் காலையும் மாலையும் எடைபோட்டார். பகலின் 12 மணி நேரத்தில் அச்செடி சராசரியாக 20 அவுன்ஸ் நீரை ஆவியாக வெளிவிடுவதைக் கண்டார். 1727-இல் வெளிவந்த அவரது நூல் தாவர உடலியலுக்கு அடிகோலியது. எவ்வளவு நீர் என்பதை அவர் அளந்தார். எந்த வாயில் வழியே என்பதைக் காட்டும் கருவி அன்று இல்லை.

உயிரணுவைச் சூழ்ந்திருப்பது கொழுப்பாலான மெல்லிய சவ்வு. அதனூடே நீர் தானாகவே கசிகிறது என்றனர் பலர். தனித் துளைகள் இருந்தாக வேண்டும் என்றனர் சிலர். ஆனால் துளையைக் கண்ணாரக் காட்ட அவர்களால் இயலவில்லை.

விடை, தேடாத இடத்தில் கிடைத்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஏக்ரே, இரத்த வகை தொடர்பான ரீசஸ் புரதத்தைப் பிரித்தெடுக்க முயன்றார். அப்போது வேண்டாத வேறொரு புரதமும் உடன் வந்தது. அவர் அதனைக் கழிவென்று ஒதுக்கவில்லை. 1992-இல் அவரது குழுவினர் தவளை முட்டையணுக்களை அப்புரதத்தை உருவாக்கச் செய்து, நீர்த்த கரைசலில் இட்டனர். அவை விரைவாக ஊதி வெடித்தன. நீரின் வாயில் கண்டறியப்பட்டது. அக்வாபோரின் என்று பெயர் பெற்ற இக்கண்டுபிடிப்புக்காக 2003-இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி ஏக்ரேக்கு வழங்கப்பட்டது.

மறு ஆண்டே தாவரங்களின் முறை வந்தது. கிறிஸ்டோஃப் மொரெல், மார்ட்டன் கிறிஸ்பீல்ஸ் முதலியோர், கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியான அராபிடாப்சிஸில் உள்ள ஒரு புரதமும் இப்பணியையே செய்வதை 1993-இல் நிறுவினர். அப்புரதம் முன்னரே அறியப்பட்டதுதான். அதன் தொழில் மட்டுமே விளங்காதிருந்தது. அது உயிரணுவினுள் இருக்கும் நீர்ப்பையின் சவ்வில் அமைந்தது. இளம் உயிரணு இந்நீர்ப்பையை நிரப்பிப் பருத்து, தன் சுவரை விரிக்கிறது. தளிர் நீள்வதும் வேர் ஆழ்வதும் இவ்வாறே. மனிதனுக்கு இவ்வகைப் புரதங்கள் 13; அச்சிறுசெடிக்கோ 35! இடம்பெயர இயலாத உயிருக்கு வாயில்கள் மிகுதியாகத் தேவை போலும்.

வாயில் எனின் கதவும் வேண்டுமன்றோ? ஸ்பினாச் கீரையின் புரத அமைப்பை ஆராய்ந்தோர், அக்கதவு மூடும் முறையை 2006-இல் விளக்கினர். வறட்சியில் அது மூடி, உள்ளிருக்கும் நீரைக் காக்கிறது. வெள்ளத்தில் வேர் உயிர்வளியின்றித் தவிக்கையில் உயிரணுவினுள் அமிலம் மிகுந்து, அப்போதும் கதவு அடைபடுகிறது. நீர் சூழ்ந்த வயலில் பயிர் வாடி நிற்கும் விந்தைக்கு இதுவும் ஒரு காரணம்.

செடியை நாள்தோறும் நிறுத்தவரின் பொறுமையும், வேண்டாததை எறியாதவரின் கவனமும் சேர்ந்தே இவ்வறிவை நமக்கு ஈந்தன. இனி வாடிய பயிரைக் காணும்போது, நீர் உண்டா என்று மட்டும் கேளாமல், வாயில் திறந்துள்ளதா என்றும் கேட்போம்.